கமிட்டிக்கு ஒரு சல்யூட்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் எங்கள் பேருந்து ரயில்வே கேட்டில் நின்று இருபது நிமிடமாகிறது. பொறுமையிழந்து கீழே இறங்குகிறேன். முன்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர். உள்ளே கோட்டு போட்ட மூன்று பேர், மடியில் தடித்த ஃபைல்களுடன் வியர்த்து வழிகிறார்கள். ரயில்களை நவீனமாக்க யோசனை சொல்லும் நிபுணர் கமிட்டியாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் மாலையோடு காத்திருக்கிறார்களாம். கார் டிரைவர்தான் சொல்கிறார்.

"அப்புறம் எதுக்கு கார்ல போறாங்க?" என்று கேட்கிறேன்.

"ரயில்ல வந்தா லேட்டாயிரும்லா சார்."

சொல்லிவிட்டு அவர் கேட் கீப்பரிடம் போகிறார். "அண்ணாச்சி, கார்ல ரயில்வே கமிட்டி இருக்காவ. செத்த தெறந்து விடுங்க."

கேட் கீப்பர் காரை எட்டிப் பார்க்கிறார். "ரயில்வே கமிட்டின்னா ரயில்லல்லா வருவாவ? அவியளுக்குன்னு தனிப் பொட்டி மாட்டி வருதுன்னு போன் வந்திருக்கு. சல்யூட் அடிக்கணும்னு ஆர்டர். யாருகிட்ட கத விடுதீரு?"

கேட் சாவி அவர் இடுப்பிலேயே தொங்குகிறது.

ஒருவழியாக மீட்டர்கேஜ் ரயில் ஊர்ந்து வருகிறது. கடைசிப் பெட்டிக்குப் புதுப் பெயின்ட், வாசலில் மாவிலைத் தோரணம், கண்ணாடியில் 'கமிட்டி' என்று ஒட்டிய தாள். உள்ளே ஈ காக்கை இல்லை. கேட் கீப்பர் பச்சைக் கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காலி ஜன்னல்களைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்கிறார்.

காருக்குள் மூத்த நிபுணரின் கை, பழக்கதோஷத்தில், பதில் சல்யூட்டுக்கு நெற்றிவரை போய்விடுகிறது.