ஊர்வலத்தில் ஆடிய வெள்ளைக் குதிரை

கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் காட்டமாட்டோம். வெறும் காய்ந்த கொள்ளுதான். மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு நடுத்தெருவில் லத்தி போட்டுவிட்டால் முதலாளிக்கு மானம் போய்விடுமாம். ஆறு வருஷம் நானும் இந்தக் கூத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு உடந்தையாக இருந்தேன்.

அன்று ஈஜிபுராவில் மாப்பிள்ளை அழைப்பு. நல்ல வெயில் காலம். எங்கள் வெள்ளைப் பெண்குதிரை காலையிலிருந்து லத்தியே போடவில்லை. சமர்த்து என்று கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன், மடையன் நான்.

பாதி வழியில் அவள் திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள். மேலுதட்டைச் சுருட்டினாள். முன்னங்காலால் தரையைப் பிறாண்டினாள். வயிற்று வலி வந்த குதிரை இப்படித்தான் செய்யும். கூட்டமோ, "குதிரை டான்ஸ் ஆடுதுடா" என்று செல்போனைத் தூக்கியது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

முன்னால் பட்டாசு, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, இரண்டு பக்கமும் பைக்குகள். திருப்ப இடமில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் போய், "அவரைக் கொஞ்சம் இறக்குங்க சார், குதிரைக்கு வயிறு வலிக்குது" என்றேன்.

"பாதியில மாப்பிள்ளை கால் தரையில படக்கூடாதுப்பா. மண்டபம் தோ தெரியுது பாரு. நடத்து."

கடிவாளத்தை அவர் கையிலேயே திணித்திருக்க வேண்டும். அவ்வளவு ஆத்திரம். ஆனாலும் நடத்தினேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதுதான் தாமதம், அவள் படுத்துப் புரண்டாள். சேணத்தை அவிழ்த்து, எழுப்பி நடத்திக்கொண்டே டாக்டருக்கு போன் செய்தேன். முதலாளியும் ஓடிவந்தார்.

டாக்டர் வந்து அவள் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு இறங்காமல் அப்படியே நின்றது.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சுது?"

"காலையில ஒரு பக்கெட் குடிச்சுது டாக்டர்" என்றார் முதலாளி, என்னை முறைத்துக்கொண்டே. நான் படுத்துத் தூங்குவதுகூட அவருடைய லாயத்தில்தான். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இல்ல டாக்டர். நேத்து சாயங்காலத்திலிருந்து குடுக்கல. லத்தியும் போடல."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணீரும் இறக்கினார். ஊசி போட்டார். முதலாளி லாயத்துச் சாவிக்குக் கையை நீட்டினார், கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள் என்று மேளக்காரர் ஒருவர் போனில் சொன்னார். அடுத்த முகூர்த்தத்துக்கும் அவளைத்தான் கூட்டிவந்தார்களாம். தண்ணீர் காட்டினார்களா என்று கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை.