எலும்புத் தீ

ஜெலுத்தோங்கில் என் ஃபிளாட்டுக்கு ஆங்கில டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருடமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சு மொழியில் ‘பான்’ என்றால் நல்லது, ஆகவே ‘பான்ஃபயர்’ என்றால் நல்ல நெருப்பு. இதை எனக்கு யார் சொன்னார்கள் என்றுகூட நினைவில்லை.

இந்த வருடம் போகிக்கு முதல் நாள் ஒரு மாணவி தன் கட்டுரையை வாட்சாப்பில் அனுப்பி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அகராதியைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அதன் முதல் பாதி எலும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாம். அந்தக் காலத்தில் எலும்புகளைக் குவித்து வெட்டவெளியில் கொளுத்துவார்களாம். பிறகு பிணம் சுடும் சிதைக்கும் அதே சொல், கொண்டாட்டத்துக்கு மூட்டும் தீக்கும் அதே சொல்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அம்மா இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார், மறுநாள் எலும்பும் பொறுக்கினார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அண்ணன் போகியன்று மாலைதான் வந்து சேருவார், அவர் வந்தபிறகு கடலில் கரைக்கலாம் என்று முடிவு. அஸ்திப் பானையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதே! கீழே மாடிப்படிக்கு அடியில், என் பழைய சாமான்கள் கிடக்கும் மூலையில் வைத்தார்கள். பூனை உருட்டிவிடும் என்று நான்தான் அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் இறக்கினேன். பெட்டியின் மேல் ஒரு வார்த்தை எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

துக்க வீட்டுக்குப் பண்டிகை இல்லை. அதனால் போகி விடியற்காலையில் கீழே பிள்ளைகள் தகரம் தட்டும் சத்தம் கேட்டும் நான் இறங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மேலே வந்து கதவைத் தட்டினார். முகமெல்லாம் கரி.

“டீச்சர், ஒங்க சாமானையும் சேத்து எரிச்சிட்டேன் லா. இந்த வருஷம் நீங்க எறங்க மாட்டீங்கதானே? படிக்கு அடியில இருந்ததெல்லாம் க்ளீன் பண்ணியாச்சி.”

“அந்த பெட்டி?”

“எல்லாம்தான்.”

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நான்கு மாடி. எலும்புத் தீ, எலும்புத் தீ என்று மண்டைக்குள் அதுவே அடித்துக்கொண்டிருந்தது. போகித் தீ எரிந்துகொண்டிருந்த பழைய எண்ணெய் டிரம்மை ஒரு கட்டையால் நெம்பிக் கவிழ்த்தேன். பிள்ளைகள் அலறி விலகினார்கள். பானை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

விஷயம் புரிந்ததும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. நல்லது செய்ய வந்தவர் என்று தெரிந்தும் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

குத்துக்காலிட்டுப் பொறுக்கினேன். கை சுட்டது. அம்மாவின் எலும்பை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. எலும்பு கையில் அகப்பட்டது, சாம்பல்தான் பிரியவில்லை. எது அம்மா, எது எதிர்வீட்டுப் பழைய கோரைப்பாய்? எல்லாவற்றையும் வழித்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினேன்.

மாலையில் வந்த அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தூக்கைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுல எது அம்மா?”

“தெரியலண்ணே.”

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மறுநாள் காலை படகுக்காரர் காத்திருந்தார். “பொம்பளைங்க கரையிலேயே நிக்கட்டும்,” என்று பெரியப்பா மகன் ஆரம்பித்தார். நான் தூக்கை அண்ணனிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவே இல்லை.

“அவதான பொறுக்குனா. அவளே கரைக்கட்டும்.”

தூக்கோடு படகில் ஏறி உட்கார்ந்தேன்.