எறி என்ற ஒரு சொல்

சிவதாசனின் கிரிக்கெட் வாழ்க்கையை முடித்தவன் நான்தான். லீக் கமிட்டி அல்ல. புகார் எழுதிய அந்த வெள்ளைக்கார மட்டையாளனும் அல்ல. நான்! ஒரே ஒரு சொல்லால் முடித்தேன்.

உடனே முகம் சுளிக்காதீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டுச் சுளியுங்கள். பாதியிலேயே உங்களுக்குச் சந்தேகம் வரும், இவன் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பொய் சொல்லியிருந்தால் எவனாவது என்னைப் பிடித்திருப்பான் அல்லவா?

தொழிலால் நான் மொழிபெயர்ப்பாளன். கவுன்சில் அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆங்கிலம் தெரியாத நம்மவர்களுக்காகப் பேசுகிறவன். சனிக்கிழமைகளில் மட்டும் தெற்கு லண்டனின் மிட்சம் பகுதியில் ஒரு கிளப்பின் பந்துவீச்சாளன். அதிலும் கடைசி ஓவர்காரன்.

கடைசி ஓவர்காரனின் பிழைப்பு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மற்றவர்கள் வீசி முடிக்கும்வரை எல்லைக்கோட்டில் நின்று குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். ஆட்டம் இழுபறியானதும் கப்டன் அவனைத் தேடுவார். ஆறே ஆறு பந்துகள்! அதற்காக ஏழு கோடைகள் அந்தக் கோட்டில் நின்றேன். வேறெங்கும் எனக்கு அப்படி ஒரு இடம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் யாரோ ஒருவரின் குரல் மட்டுமே. மைதானத்தில்தான் நான் நானாக இருந்தேன்.

அந்த மைதானத்துக்குச் சிவதாசனைக் கூட்டி வந்தவனும் நானே! இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில கோடைகள்தான் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத இருபத்திரண்டு வயதுக்காரன். ஆங்கிலம் சுத்தமாக வராது. ஸ்ட்ரெதமில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்திருந்தான். பாவம், பொழுதுபோகட்டும் என்று அழைத்துப் போனேன்.

அவனுடைய வலது முழங்கை பிறவியிலேயே சற்று மடிந்திருக்கும். நிமிராது. மடிந்தபடியே வந்து மடிந்தபடியே பந்தை விடும். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. மடிந்த கையைப் பந்து விடும்போது வெடுக்கென்று நிமிர்த்தினால்தான் குற்றம். ஆனால் அந்தக் கையிலிருந்து வந்த யோர்க்கர் இருக்கிறதே… மட்டையாளனின் கால்விரலைத் தேடிக்கொண்டு வரும்!

மூன்றாவது சனிக்கிழமையே அது நடந்தது. கடைசி ஓவர். நான் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்தேன். கப்டன் என்னைப் பார்க்கவே இல்லை. "கிவ் இட் டு சிவா, மேட்" என்றார். மேட்டாம், மேட்! ஏழு வருடங்களுக்கு ஒரு சொல். கழற்றிய ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் போனேன். அவன் ஐந்து பந்துகளில் ஆட்டத்தை முடித்தான்.

அந்தக் கோடை முழுவதும் அப்படியே போனது. அவன் வென்று கொடுத்தான், நான் கைதட்டினேன். ஆகஸ்டில் ஒரு கவுண்டியின் இரண்டாம் அணியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். செப்டெம்பரில் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தார்கள். சரியாகச் செய்தால் அடுத்த வருடம் சம்பளத்துக்கு ஒப்பந்தம். கிரிக்கெட்டே தொழிலாக! அந்த அழைப்புக் கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். எதற்காக அழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதற்குள் அந்தப் புகார் வந்தது. அவனிடம் விக்கெட்டைப் பறிகொடுத்த ஒருவன், இவன் பந்து வீசவில்லை, எறிகிறான் என்று லீக்குக்கு எழுதிப்போட்டான். கமிட்டி விசாரணைக்கு அழைத்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேறு யார் போவது?

ஒரு புதன்கிழமை மாலை. கிளப் கட்டடத்தின் மாடியறை. எதிரே மூன்று கிழவர்கள். கடைசி ஓவரை எப்படி வீசுகிறாய் என்று விவரிக்கச் சொன்னார்கள். சிவதாசன் எழுந்து நின்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான்:

"கடைசி ஓவர் எண்டால் நான் யோர்க்கராத்தான் எறிவன் ஐயா. கை பிறந்ததிலை இருந்து இப்பிடித்தான். மடிஞ்சபடிதான் வரும், நிமிராது. நான் எப்பவும் இப்பிடித்தான் எறியிறனான்."

கவனித்தீர்களா? எறிவன்! எறியிறனான்! எங்கள் பக்கத்துப் பெடியங்கள் ஓவர் போடுவதை எறிவதென்றுதான் சொல்வார்கள். அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் அப்படி அல்ல. அங்கே வீசுவது 'போல்', எறிவது 'த்ரோ'. பந்துவீச்சாளன் ஒருவன் நான் த்ரோ செய்கிறேன் என்றால் அது ஒப்புதல் வாக்குமூலம்.

இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் தொழிலில் 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவராகவே பேச வேண்டும். 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஆகவே என் வாயால், என் குரலில், தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்: கடைசி ஓவரில் நான் யோர்க்கரை எறிகிறேன். என் கை மடிந்து வருகிறது. நான் எப்போதும் இப்படித்தான் எறிகிறேன்.

சொல்லுக்குச் சொல் சரி! அகராதியைக் கொண்டுவந்து பாருங்கள்!

'பிறந்ததிலிருந்து', 'நிமிராது' என்ற இரண்டை மட்டும் விட்டுவிட்டேன்… இல்லை, விழுங்கினேன். இவ்வளவு எழுதிய பிறகு இங்கே வந்து சொல் தேடுகிறேன், பாருங்கள். விழுங்கினேன்.

நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். அவர் மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம். ஏன் அவர் அவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும்? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "எறிகிறேன் என்றா சொன்னார்? அந்தச் சொல்லையா?" என்று கேட்டார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். எங்கள் வழக்கில் அது வீசுவதைத்தான் குறிக்கும் என்று ஒரு வரி. மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. சிவதாசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம், அவர் பயன்படுத்திய சொல் அதுதான்" என்றேன்.

அதுவும் உண்மை! எல்லாமே உண்மை! அந்த மூன்று பேரில் ஒருவனுக்கு அவன் கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்க்கத் தோன்றவில்லையே! அந்தக் கோடை முழுவதும் அவனால் வென்ற கப்டன் அன்று மாலை வேலை இருக்கிறதென்று வரவில்லையே! ஒரு மனிதனின் பிழைப்பை என் ஒருவனின் நாக்கில் வைத்துவிட்டு எல்லோரும் எப்படி நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள்? இவர்கள் மீது நான் கோபப்படக் கூடாதா? படுவேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்பது தெரியும். ஆனாலும் படுவேன்!

படியிறங்கும்போது அவன் கேட்டான்: "என்ன அண்ணை, நல்லாச் சொன்னனானோ?"

"நல்லாச் சொன்னீர் தம்பி. ஒண்டுக்கும் யோசியாதையும்."

பத்து நாளில் லீக்கின் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கூடவே ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ், எனக்காக. வாசித்துக் காட்டினேன். இரண்டு பருவங்களுக்குப் பந்துவீசத் தடை. 'தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபடி' என்று ஒரு வரி இருந்தது. அதை வாசிக்காமல் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"பரவாயில்லை அண்ணை. நீங்கள் இல்லாட்டி எனக்காக ஆர் அங்கை வந்து கதைச்சிருப்பினம்?"

அவன் போனபின் அந்த ரோல்ஸைத் தின்றேன். நல்ல ருசி. குப்பையில் போட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள். தின்றேன்.

கவுண்டி தன் அழைப்பைத் திரும்பப் பெற்றது. சிவதாசன் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறினான், விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் ஷிப்ட் எடுத்தான். தடை முடிந்த பிறகும் அவன் பந்தைத் தொடவில்லை. கடைசி ஓவர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்த கோடையில் ஒரு ஆட்டத்தை வென்றேன், என்னைத் தோளில் தூக்கினார்கள். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது! அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஐந்து வருடங்கள் கழித்து ஹவுன்ஸ்லோவில் ஒரு தமிழ்க் கடையில் அவனைக் கண்டேன். பக்கத்தில் மனைவி. கொஞ்சம் பருத்திருந்தான். மீன் பெட்டிக்கு மேலே குனிந்து, அவளிடம் விளைமீனா பாரையா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சிவா! எப்பிடி இருக்கிறீர் தம்பி?" என்றேன்.

நிமிர்ந்தான். என்னை அடையாளம் கண்டான். "ஐ ஆம் வெரி வெல், தாங்க் யூ" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். வேலை எப்படி என்று தமிழில் கேட்டேன். சூப்பர்வைசராகிவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னான். இப்போது விளையாடுவதில்லையா என்றேன். ஆங்கிலத்தில், நிதானமாக, இல்லை என்றான். ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலம். லீக்கின் அந்தக் கடிதத்தை நீயாகவே எப்போது வாசித்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வைதிருக்கலாமே! கடைக்காரர் முன்னால், அத்தனை சனத்துக்கு முன்னால், நாயே என்று ஒரு வார்த்தை! என் தாய்மொழியில் ஒரே ஒரு வசவு வாங்கிக்கொண்டு வீடு போயிருப்பேனே!

பணம் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டான். "இவர் ஆரப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரிஞ்ச ஆள். வா, போவம்" என்று அவளிடம் தமிழில் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் விடைபெற்றான்.