பல்பு வெளிச்சத்துத் தோட்டக்காரர்

புறங்கையைப் பல்புக்குக் கீழே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, சாகுல் ஹமீது இருபது எண்ணுகிறார். லப்பைக்குடிக்காடு கடைத்தெருவில் மின்சாமான் விற்கும் கடை. அவருக்காகவே ஒரு ஹோல்டரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எண்ணி முடித்ததும் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இது சரிப்படாது, அடுத்ததைப் போடு" என்கிறார். ஒன்பது வாட்ஸ் எல்இடி பல்புதான், எல்லார் வீட்டுக் கூடத்திலும் எரிவது. வெளிச்சம் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு, கியாரண்டி பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. சூடு பார்த்து வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். "கை தாங்குனா எலை தாங்கும்" என்பது அவர் கணக்கு.

"பாய், பல்புக்குக் காய்ச்சலா பாக்குறீங்க?" என்று பின்னால் நிற்கிறவர் கேட்டால், "ஆமா, உங்களுக்கும் பாக்கணுமா? கிட்ட வாங்க" என்பார். சிரிக்க மாட்டார்.

அறுபத்து மூன்று வயது. ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட கைலி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவருடைய அத்தா காதர் மைதீன் வெள்ளாற்றுப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போட்டவர். என் தகப்பனார் அந்தக் கொடிக்காலில் கூலிக்குக் கொடி கட்டியவர், கடைசி வரை முதலாளி என்றே கூப்பிட்டவர். சாகுல் என்னை அண்ணே என்கிறார், நான் அவரைத் தம்பி என்கிறேன். கொடிக்கால் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் அதில் வருத்தமில்லை, இரண்டு பேருமே அங்கே சாப்பிட்டிருக்கிறோம்.

இருபத்தாறு வருஷம் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தார். தோட்ட வேலை என்று சொல்லித்தான் விசா கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் பூமிக்கு அடியில் இருந்ததாம். மேலே ஹாலில் வைக்கிற தொட்டிகளையெல்லாம் கீழே இரண்டு மாடி ஆழத்தில் பல்பு வெளிச்சத்தில் வளர்த்து, வாடினதை இறக்கி, தேறினதை ஏற்ற வேண்டும். "வெயிலு ஊருக்குப் போயி வெயிலே படாம வந்தவன் நானு ஒருத்தன்தான். பாருங்க கைய, பொம்பளைக் கை மாதிரி" என்று நீட்டிக் காட்டுவார். அவருடைய மனைவி குல்சும் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். "பொம்பளைக் கைன்னா பாத்திரம் தேய்க்கணும். வாங்க இப்படி."

ஊருக்கு வந்தபோது எல்லாரும் கடை வைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ, மகன் அல்தாப்புக்காகக் கட்டிய மாடி அறையைத் திறந்தார். அல்தாப் இப்போது அதே துபாயில். அவன் கட்டிலை ஓரமாகச் சாய்த்து வைத்து, ஜன்னலை அட்டையால் அடைத்து, பிரியாணி கட்டுகிற வெள்ளித்தாளைச் சுவரெங்கும் ஒட்டினார். இரும்பு அலமாரிகளில் தட்டுத் தட்டாகச் செடி. தட்டுக்கு நாலு பல்பு. கீழ்த்தட்டில் மட்டும் பழைய சுருட்டை பல்பு, சிஎப்எல் என்பார்களே அது. ஊரே அதைக் குப்பையில் போட்டபோது வீடு வீடாகப் போய்ச் சேர்த்து வந்தவர். கோடையில் வெளியே புதினா கருகும்போது இவர் அறையில் புதினா காது காதாக நிற்கும். மிளகாய் நாற்று, கத்தரி நாற்று வேப்பந்தட்டை வரைக்கும் பஸ்ஸில் போகும். மேல்தட்டு முழுக்கச் செவ்வந்தி. அது அவருடைய செல்லம். எப்போது பூக்கச் சொல்கிறாரோ அப்போது பூக்கும்.

"செவ்வந்திக்கு வெளிச்சத்தைக் குடுத்தா வளரும், இருட்டைக் குடுத்தா பூக்கும். மனுசனுக்கும் அப்படித்தான்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட சொன்னேன். வெள்ளிக்கிழமை பயான்ல எல்லார் முன்னாடியும் பேசிட்டாரு" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

இந்த வித்தை வெளியே தெரிந்ததும் ஆள் வர ஆரம்பித்தது. வருகிறவர்களுக்கு அவர் வாயால் சொல்வதில்லை. சீட்டு எழுதுவார். பழைய நிக்காஹ் அழைப்பிதழ்களை நாலாகக் கத்தரித்து வைத்திருக்கிறார். பின்பக்கம் வெள்ளையாக, தாள் கெட்டியாக இருக்கும். எத்தனை பல்பு, எவ்வளவு உயரம், எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும், எல்லாம் எண் போட்டு வரும். அடியில் கையெழுத்தும் போன் நம்பரும். அரியலூர்ப் பக்கம் மெஸ் நடத்துகிற உண்ணாமலை, சிமெண்ட் லாரிப் புழுதியில் கறிவேப்பிலைச் செடி நிற்கவில்லை என்று வந்தாள். அவளுக்கு எழுதிய சீட்டில் எட்டு வரி. முன்பக்கத்தைத் திருப்பினேன், ஹாஜா வீட்டு மூத்த மகள் கல்யாணம். சீட்டுக்கு அவர் ஒன்றும் வாங்குவதில்லை. "டாக்டர் மாதிரி எழுதுறீங்களே பாய்" என்றால் போதும், கூட இரண்டு வரி எழுதுவார்.

அந்த வார்த்தைதான் அவரை ஸ்டேஷன் வரை கொண்டுபோனது.

மாசி மாதம் ஒரு மத்தியானம், தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். ஹைவே பக்கம் என்றான். ஹைவே ஒரு வீடா? சென்னை வரைக்கும் போகிறது. அவன் என் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை.

"டாக்டர் சார், அக்கா கல்யாணத்துக்கு ரூமுக்குள்ளயே செவ்வந்தி பூக்க வைக்கணும் சார். வெளிச்சம் எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சார் என்றதோடு டாக்டரும் சேர்ந்துவிட்டது. பத்து வரி எழுதினார். பையன் போனதும் குல்சும் உள்ளேயிருந்து வந்தாள்.

"செவ்வந்தி ஊர்ப்பட்ட காட்டுல கெடக்கு. இவன் எதுக்கு ரூமுக்குள்ள வைக்கிறான்?"

"நான் எதுக்கு வைக்கிறேன்?"

ஜன்னலை அடைத்துச் செடி வளர்க்கிறவனைப் பார்த்தால் ஊரில் யாருக்கும் ஒரு சந்தேகம் தட்டும். அதையே அன்றாடம் செய்கிறவருக்குத் தட்டவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் போன் வந்தது. ஹைவே ஓரம் ஒரு வாடகை வீட்டில் உள்ளறையில் கஞ்சா வளர்த்த இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய சாதாரண பல்புகள், சுவரெல்லாம் வெள்ளித்தாள், நடுவில் செலோடேப் போட்டு ஒட்டிய சீட்டு. சீட்டின் அடியில் போன் நம்பர். "கெளம்பி வாங்க பாய், இல்லன்னா நாங்க ஜீப்ல வரணும்."

இளைய மகள் மர்வாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு அதே தெரு. ஜீப் வந்து நின்றால் போதும், அவர்கள் வாசலிலிருந்தே பார்த்துவிடுவார்கள். குல்சும் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். என் அக்கா மகனுடைய ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் அவள் துவா ஓதிக்கொண்டு வந்தாள். அவர் கைலியை மாற்றி வேட்டி கட்டி, சென்ட் போட்டிருந்தார்.

"பயப்படாதே. நான் எழுதுனதுல தப்பு இருக்காது" என்றார்.

"தப்பா எழுதியிருந்தாத்தான் நல்லதுங்க" என்றாள் அவள்.

ஸ்டேஷனில் சத்யப்பிரியா என்று ஒரு எஸ்ஐ. என் பேத்தி வயது, ஆனால் குரலில் அதிகாரம் இருந்தது. சீட்டை மேசையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னதுதான். நம்பரும் என்னதுதான்."

"படிங்க." கூடவே தன் போனில் இருந்த போட்டோவையும் நீட்டினாள். "இதையும் பாருங்க."

சாகுல் ஹமீது மூக்குக் கண்ணாடியை மாட்டி, போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார். அறை தெரிந்தது. தொட்டிகள் தெரிந்தன. அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல்.

"தண்ணி கூடிப்போச்சு. வேரு அழுகியிருக்கும். பல்பைப் பாருங்க, ஒரு முழம் எட்டத் தொங்குது. ஒரு சாண்ல வைக்கச் சொல்லி எழுதியிருக்கேன்ல?"

குல்சும் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்கே வலித்தது.

எஸ்ஐ நாற்காலியில் சாய்ந்தாள். "ஆக, நீங்க சொல்லிக் குடுத்துத்தான் இது வளந்திருக்கு. அப்ப உங்களையும் இதே கேஸ்ல மூணாவது ஆளா சேக்கணும் பாய்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி மாட்டி, போட்டோவை இன்னொரு தரம், ஒவ்வொரு நுனியாக, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"கடைசி வரிய யாராச்சும் படிச்சீங்களாம்மா?"

ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் எஸ்ஐ சீட்டைத் தள்ளினாள். அவன் பெயர் மணிவண்ணன் என்று சட்டையில் இருந்தது. மூக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, வேப்பந்தட்டை செல்லக்கண்ணுவின் மகள் வயிற்றுப் பிள்ளை. என் பெரியம்மா வழியில் எனக்குப் பேரன் முறை. அவனுக்கு என்னைத் தெரியாது. காக்கிச் சட்டையிடம் முறை சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

அவன் படித்தான். "பத்து. மொட்டு வந்ததும் நுனி மொட்டு ஒன்றை மட்டும் விட்டு, மற்ற மொட்டுகளைக் கிள்ளிப் போடவும்."

"இப்ப போட்டோவப் பாருங்க" என்றார் சாகுல் ஹமீது. "கிளை கிளையா மொட்டையா நிக்குது. நுனியில ஒண்ண விட்டுட்டு மத்ததெல்லாம் கிள்ளியிருக்கான். மத்த ஒம்பதையும் ஒழுங்காச் செய்யல, இதை மட்டும் அட்சரம் பிசகாம செஞ்சிருக்கான்."

மணிவண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். "மேடம், இது செவ்வந்திக்குச் செய்றது. ஒத்தைப் பூ பெருசா வரும்னு எங்கம்மாவும் இப்படித்தான் கிள்ளுவாங்க. கஞ்சால இருக்குறதே அந்த மொட்டுதான். அதையும் கிள்ளிப்புட்டா அப்பறம் வெறும் தழைதானே மேடம்?"

எஸ்ஐ சீட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தாள். பிறகு, "குப்பைக் கூடை நெறைய பச்சை மொட்டு கெடந்துச்சுல்ல?" என்றாள் அவனிடம். "எதுக்குத் தூக்கிப் போட்டானுங்கன்னு ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டு இருந்தோமே."

"பாய் பேச்சைக் கேட்டுத்தான் மேடம்."

எழுத்தர் மேசையில் இருந்தவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். குல்சும் புர்காத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கின விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"செவ்வந்தின்னு சொல்லி ஏமாத்தி எழுதி வாங்கியிருக்கானுங்க. சரி, சாட்சியாப் போட்டுக்கறேன்" என்றாள் எஸ்ஐ. "கோர்ட்டுக்குக் கூப்பிட்டா வரணும். இனிமே முகம் தெரியாதவனுக்கு ஒரு வரி எழுதக் கூடாது."

"முகம் தெரிஞ்சவங்களுக்கு?"

"பாய்."

"சரிம்மா, சரிம்மா."

எழுத்தர் வாக்குமூலத்தை எழுதி வாசித்தார். பெயர், தகப்பனார் பெயர், வயது, பையன் வந்த நாள், செவ்வந்தி, சீட்டு, எல்லாம் சரியாக இருந்தது. சாகுல் ஹமீது ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் ஆட்டம் நின்றது. 'மேற்படி செடியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.'

"இது எப்படிம்மா?" என்றார். "தண்ணி கூடிப்போச்சுன்னு பாத்ததும் சொன்னேன்ல? வேரு அழுகியிருக்கும்னு சொன்னேன்ல? தொட்டியத் தட்டிப் பாருங்க, நான் சொன்னது பொய்யான்னு. எதுவும் தெரியாதுன்னு எழுதுனா எப்படி?"

எஸ்ஐ பொறுமையாகத்தான் சொன்னாள். "தெரியாதுன்னா நீங்க சாட்சி. தெரியும்னா அக்யூஸ்டு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் குல்சுமைப் பார்த்தேன். எழுத்தர் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. தன் பையிலிருந்த இரண்டில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

"நாளைக்கு யாராச்சும் இதைப் படிச்சா..." என்று ஆரம்பித்தார்.

"மர்வாவோட மாமியாரா வந்து படிக்கப்போறாங்க?" என்றாள் குல்சும். "இருபத்தாறு வருசம் தெரிஞ்சதெல்லாம் போதும். போடுங்க."

சாகுல் ஹமீது தாளை நேராக இழுத்து வைத்தார். அந்தக் கடைசி வரியின் மேல் இடது உள்ளங்கையை அழுத்தி மூடிக்கொண்டார். அதன் கீழே, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.