காதில் பஞ்சு வைத்துப் பார்த்த ரோஸ்லின்

செவ்வாய்க்கிழமை காலை, பாரோயில் என் வீட்டு வாசலில் காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரோஸ்லினின் கணவர் சேவியர் அழைத்தார். "என்னா குணா, சாப்டியா?" என்று தொடங்குவதுதான் அவர் வழக்கம். அன்று அதைக் கேட்கவில்லை. "ரோஸ் போயிட்டாப்பா. விடியக்காலைல, தூக்கத்துலயே" என்றார்.

எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். இருந்தாலும் கையிலிருந்த ரப்பர் குழாயை மூடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சேவியர் தொடர்ந்தார். "மக மாசமா இருக்கா. பிளேன்ல வரக்கூடாதுன்னுட்டாங்க. நீதான் லைவ் போடணும்."

போட்டேன். பகாவ் ஊரையொட்டிய செம்பனைத் தோட்டத்தில், ரோஸ்லின் ஞானஸ்நானம் பெற்ற அதே சிற்றாலயத்தில் அடக்கப் பூசை நடந்தது. மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து முழுவதும் பார்த்தாள். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருந்த பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் ரோஸ்லின். உங்களில் பலர் ஞாயிறுதோறும் அந்த நேரலையைப் பார்த்தவர்கள். அந்தப் பெட்டி கோயிலுக்கு வந்த கதை சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் ரோஸ்லின் எப்படிப்பட்டவர் என்பதையும் சொன்னதாகிவிடும்.

சிரம்பானுக்கு வெளியே இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வேலை செய்தோம். நான் பழுது பார்க்கும் பிரிவு, அவர் பரிசோதனைப் பிரிவு. நாங்கள் சரிசெய்து அனுப்பும் மின்சுற்றுப் பலகைகளை அவர் திருப்பி அனுப்புவார். ஒரு தடவை நான் கோபமாகவே அவர் மேசைக்குப் போனேன். "நல்லாத்தானே ஓடுது ரோஸ்லின்?" என்றேன். அவர் தலையைத் தூக்காமல், "நல்லா ஓடுதுன்னு சொல்லாத. எவ்வளவு நேரம் நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்றார். அந்தப் பலகையை என் கண்முன்னே ஓடவிட்டார். ஐம்பதாவது நிமிடத்தில் அது செத்துப்போனது. எங்கள் சிநேகிதம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஊரடங்குக் காலத்தில் பூசைக்கு ஆட்கள் கூட முடியாமல் போனபோது, கோயில் நேரலையை ரோஸ்லின் ஏற்றுக்கொண்டார். என்னையும் இழுத்தார். "நான் மாரியம்மன் கோயில்காரன், உங்க பூசைல எனக்கு என்ன வேல?" என்று கேட்டேன். "நீ வா. உங்க திருவிழாவுக்கு நான் வரேன் லா" என்றார். சொன்னபடியே வந்தார், அந்த வருடம் எங்கள் தேர் புறப்பாட்டை அவர்தான் ஒளிபரப்பினார். ஊரடங்கு முடிந்த பிறகும் நேரலையை நாங்கள் நிறுத்தவில்லை. தோட்டத்தை விட்டு வெவ்வேறு ஊர்களுக்குப் போனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் கைப்பேசியை வைத்துத்தான் செய்தோம். பிறகு ஒருவர் நல்ல வீடியோ கேமரா ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தார். கேமராவின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவர ஒரு சின்னச் சாதனம் வேண்டும். கேப்சர் கார்டு என்பார்கள். நாங்கள் பெட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் பெட்டியை இணையத்தில் நான்தான் வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அட்டையில் பெரிய பெரிய எண்களெல்லாம் அச்சடித்திருந்தார்கள். செருகிப் பார்த்தோம், படம் வந்தது, ஃபாதரின் குரல் மணி மாதிரி கேட்டது. எனக்கு ஒரே பெருமை. ரோஸ்லின் அதன்மேல் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "இதுல முட்ட பொரிக்கலாம் லா!" என்றார். அப்படியும் அவர் அதை உடனே தள்ளிவிடவில்லை. சத்தம் தெளிவாக இருந்ததால், போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

சில மாதம் கழித்து நேரலைக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'எல்லாம் நல்லா இருக்கு. ஃபாதர் வாய் மட்டும் விட்டு விட்டு அசையுது.' எழுதியவர் அந்தோணி அண்ணன். செம்பனை எண்ணெய் ஆலையின் இயந்திர அறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பகாவில் இருந்தார். நான் அதைப் படித்துவிட்டு, "அவரு லைன் சரியில்ல போல" என்றேன். ரோஸ்லின் அப்படி விடவில்லை. அடுத்த ஞாயிறு நேரலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தோணி அண்ணன் வீட்டிலேயே போய் உட்கார்ந்து பூசை பார்த்தார்.

திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. "குணா, அவருக்குக் காது கேக்காதுப்பா. ரெண்டு காதும். ஆலை சத்தத்துல போயிருச்சாம். ஆள் வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறாரு. இவ்வளவு நாளா எனக்குத் தெரியல."

ரோஸ்லின் அங்கே செய்ததைப் பிற்பாடு அந்தோணி அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணனின் மனைவியிடம் பஞ்சு வாங்கி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, தொலைக்காட்சியின் சத்தத்தையும் அடியோடு குறைத்துவிட்டு, முழுப் பூசையையும் அப்படியே பார்த்திருக்கிறார். சத்தம் இருந்தவரை எங்களுக்குத் தெரியாமல் இருந்த குறை சத்தம் போனதும் தெரிந்துவிட்டது. படம் ஓடவில்லை, தத்தித் தத்திப் போனது. வினாடிக்கு முப்பது படம் வரவேண்டிய இடத்தில் பத்துகூட வரவில்லை. பத்துப் படத்தில் ஒரு வாயசைவைப் படிக்க யாராலும் முடியாது.

"நாம கண்ண மூடிக்கிட்டு டெஸ்ட் பண்ணியிருக்கோம். அவரு காத மூடிக்கிட்டுப் பாக்குறாரு" என்றார் ரோஸ்லின். இதற்குமேல் அவர் என்னைக் குறை சொல்லவில்லை.

புதுப் பெட்டி வாங்க சிரம்பானுக்குப் போனோம். ரோஸ்லின் கேமராவையும் லேப்டாப்பையும் பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டார். கூடவே அந்தோணி அண்ணனையும் கூட்டி வந்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. "இவரு எதுக்கு?" என்று மெல்லக் கேட்டேன். "இன்னிக்கு இவருதான் டெஸ்டர்" என்றார்.

கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், சீனர், வயதானவர், பொறுமைசாலி. மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். அந்தோணி அண்ணனை அலமாரிக்குப் பின்னால் லேப்டாப் முன்பு உட்கார வைத்தோம். அங்கிருந்து என்னை நேரே பார்க்க முடியாது, திரையில்தான் பார்க்க முடியும். நான் கேமரா முன் நின்று பேசவேண்டும். என்ன பேசினேன் என்று அவர் சொல்லவேண்டும்.

முதல் பெட்டிக்கு, "எனக்குப் பசிக்குது, சாப்பிடப் போலாமா?" என்றேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தோணி அண்ணன் உரத்த குரலில், "பாசார்ல மீன் இல்லங்குறாரு!" என்றார். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் தவுக்கேயும் சேர்ந்துகொண்டார்.

இரண்டாவது பெட்டியும் தத்தியது. "இதுவும் வேணாம்" என்று நான் பிடுங்கப் போனேன். ரோஸ்லின் என் கையைத் தட்டிவிட்டார். "சாமான ரிஜெக்ட் பண்றதுக்கு முன்னுக்கு நம்ம பக்கத்தப் பாரு." குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்த்தார். அதில் நீல நிறத் துளை ஒன்றுதான் இருந்தது. வேகமாகத் தகவல் போவது அதன் வழியாகத்தான். அதில் மவுஸைச் செருகி வைத்திருந்தேன். பெட்டியைச் செருகியிருந்தது பக்கத்திலிருந்த கறுப்புத் துளையில். ரோஸ்லின் இரண்டையும் மாற்றினார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. கடையின் முதல் பெட்டியையும் எங்கள் பழைய பெட்டியையும் அதே நீலத் துளையில் போட்டுப் பார்த்தார்; இரண்டுமே திருந்தவில்லை. நியாயமாகத் தீர்ப்பு சொல்லிவிட்ட திருப்தியோடு பழையதைப் பைக்குள் போட்டார்.

இப்போது தவுக்கேயே கேமரா முன் வந்து நின்று மலாயில் ஏதோ முணுமுணுத்தார். "சுடா மாக்கான், சாப்டாச்சான்னு கேக்குறாரு! இன்னும் சாப்பிடலன்னு சொல்லுங்க!" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. தவுக்கே கை தட்டினார்.

மூன்றாவது பெட்டி பெரியது. விளக்குகள் மின்னின, அதில் பதிவும் செய்யலாம், நான்கு கேமராக்களையும் மாட்டலாம். எனக்கு ஆசையாக இருந்தது. ரோஸ்லின் அதைத் திறக்கவே விடவில்லை. "நம்மகிட்ட இருக்குறது ஒரு கேமரா. அதுக்கு என்ன வேணுமோ அது போதும்" என்றார். ஆனால் இரண்டாவதையும் உடனே வாங்கிவிடவில்லை. ஒரு பூசை நீளத்துக்கு, ஒன்றரை மணி நேரம், அதைக் கடையிலேயே ஓடவிட்டார். தவுக்கே எங்களுக்கு முக்காலி போட்டு, கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். கடைசியில் ரோஸ்லின் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. "வாங்கலாம்" என்றார்.

அடுத்த வருடம் அந்தோணி அண்ணனின் ஒரே மகள் ஷீலாவுக்குக் கல்யாணம். நாள் நெருங்கியபோது அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தார், எழுந்து உட்காரக்கூடாது. ஷீலா அழுதாள், கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. "ரோஸு லைவ் போடும். நான் பாத்துக்கிறேன். நீ கோயிலுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

ரோஸ்லின் அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சேவியர் சொல்வார். கேமராவைப் பீடத்துக்குப் பக்கவாட்டில் வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்து நிற்கும் ஷீலாவின் முகம் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று போட்டோக்காரர் வாதாடினார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒதுங்கிக்கொண்டார். ரோஸ்லின் என்னை அந்தோணி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். "நீ அங்க இரு. எனக்கு அவரு கண்ணு வேணும்" என்றார்.

கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சி. நான் ஒரு நாற்காலியில். வாக்குறுதி நேரம் வந்தது. ஃபாதர் மைக்கை ஷீலாவின் வாயருகே கொண்டுபோனார். வாய் மறைந்துவிட்டது. அந்தோணி அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். நான் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் திரையின் ஓரத்தில் ரோஸ்லின் தெரிந்தார். கேமராவை விட்டுவிட்டு நேரே பீடத்துக்குப் போய் ஃபாதரின் காதில் ஏதோ சொன்னார். மைக் இறங்கியது, ஷீலாவின் தாடைக்குக் கீழே, ஏறக்குறைய மார்பு வரைக்கும்.

அவள் பேசத் தொடங்கினாள். எனக்குக் குரல் சரியாகக் கேட்கவில்லை. நேரலைக்குக் கீழே பார்க்கிறவர்களின் வரிகள் வரிசையாக வந்து விழுந்தன: 'சவுண்ட் இல்ல', 'மைக் ஆன் பண்ணுங்க', 'ஒண்ணும் கேக்கல'. பதறிப்போய் ரோஸ்லினுக்கு அழைத்தேன்.

"ரோஸ்லின், எல்லாரும் சத்தம் இல்லன்னு எழுதுறாங்க!"

"எழுதட்டும்." கிசுகிசுப்பாக வந்தது குரல். "அவரு என்ன பண்றாரு, அதச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். மகள் ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்திருந்த அந்த மனிதரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவரும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்து காதில் இறங்கியது. துடைத்தால் ஒரு சொல் தவறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்.

"கூடவே சொல்றாரு" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த மத்தியானம் ஷீலாவும் மாப்பிள்ளையும் நேரே வீட்டுக்கு வந்து கட்டிலருகே மண்டியிட்டார்கள். "நடுவுல ஒரு எடத்துல தடுமாறினியே, பயமா?" என்று அவர் மகளைக் கேட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சத்தம் சரியில்லை என்று மறுநாள் பலர் ரோஸ்லினிடம் குறைபட்டார்கள். எல்லாரிடமும், "ஆமா, தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். காரணத்தைச் சொன்னதே இல்லை. இன்று நான் சொல்லிவிட்டேன்; அவர் இருந்தால் திட்டியிருப்பார்.

நோயில் படுத்த பிறகு ரோஸ்லின் ஒரு ஞாயிறுகூட நேரலையைத் தவறவிடவில்லை. பூசை முடிந்ததும் எனக்கு ஒரு வரி வரும். 'இடது பக்கம் லைட் கூசுது.' 'பாட்டுக்காரங்க முகம் இருட்டா இருக்கு.' கடைசி ஞாயிறு வந்தது, 'இன்னிக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.' இருபது ஆண்டுக்கு மேலான பழக்கத்தில் அவரிடமிருந்து நான் பெற்ற ஒரே தேர்ச்சி அது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியதாக நான் வைத்துக்கொண்டது, பார்க்கிறவர் வீட்டுக்குப் போய் உட்காரும் வழக்கம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, நேரலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். போன வாரம் புக்கிட் பெலண்டோக்கில் ஒரு வீடு. கணவன் மனைவி இருவரும் பாட்டு வரிகளைப் படிக்க முடியாமல் ஒரே கைப்பேசியை மாற்றி மாற்றி மூக்குவரை கொண்டுபோனார்கள். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது, கதவைத் திறந்த அந்த அம்மா என்னை யாரென்று தெரியாமல், "யாரு அனுப்புனாங்க தம்பி?" என்று கேட்டார். ரோஸ்லின் பெயரைச் சொல்ல வாய் வந்தது. பூசை தொடங்கும் நேரமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.