வாய்க்கு ஒரு கணக்கு

“வெள்ளைமண் ஏழு படி!” பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உரக்கச் சொல்கிறார் லேபரெக்ட். சுத்தப் பொய். அரசரின் பீங்கானுக்கு மண் கலப்பவர் அவர். இந்தப் பக்கம் சக்கரத்தில் கிண்ணம் வனைபவன் நான். கலவைக் கணக்கைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்பது கட்டளை. எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

“ஒட்டுக் கேக்குறவன் கேட்டுட்டுப் போகட்டும். நான் சொல்றது ஒண்ணு, போடுறது ஒண்ணு” என்று ஒருமுறை என்னிடம் உளறிவிட்டார். பிறகு ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. சென்ற ஆண்டு ஒருவன் கலவை ரகசியத்தோடு வியன்னாவின் போட்டிப் பட்டறைக்கு ஓடிப்போனதிலிருந்து, எங்கள் பட்டறை இருக்கும் கோட்டையில் எல்லோருக்கும் எல்லோர்மீதும் சந்தேகம். பிடிபட்டால் மலைச்சிறை. அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பொய்க் கணக்குச் சொல்லும் பழக்கம் லேபரெக்டின் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரொட்டிக்கடையில் “அஞ்சு” என்பார். மனைவி சபீனா குறுக்கே விழுவாள்: “மூணு குடுங்கண்ணே. இவர் வாய்க்கு ஒரு கணக்கு, வயித்துக்கு ஒரு கணக்கு!” கடையே சிரிக்கும். அவர் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார். மகளுக்கு என்ன வயது என்று போதகர் கேட்டால்கூட, விரலை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தபோது கிண்ணங்கள் அத்தனையும் சப்பையாகச் சரிந்து கிடந்தன. சூளைக்குத் தீ போட்டவன் தீயில் குற்றமில்லை என்று சத்தியம் செய்தான். மிச்சம் மண்தான். மறுநாள் காலை அரசரின் அதிகாரி வந்து, கலவை அறைக் கதவைச் சாத்தினார். பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். பிடிபட்டால் எனக்கும் அதே சிறைதான்.

“நெசமான கணக்கச் சொல்லுய்யா.”

“ஏழு... இல்லீங்க, ஒம்பது. ஒம்பதுங்கய்யா... இருங்க.”

“வியன்னாக்காரன் எவ்வளவு குடுத்தான், மண்ணைக் கெடுக்க?”

“ஐயோ, என் மக மேல சத்தியமா இல்லீங்கய்யா! நாலு வருஷமா பொய்யே சொல்லிச் சொல்லி... எது பொய்னு எனக்கே...” லேபரெக்ட் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “கைக்குத் தெரியும்ங்கய்யா. வாய் குறுக்க வராம இருந்தாப் போதும்.”

“போடு, பாக்கலாம். தப்பினா மலைச்சிறை வண்டி கீழ நிக்குது.”

லேபரெக்ட் இடது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். வலது கையால் வெள்ளைமண்ணைப் படியால் அள்ளி அள்ளித் தொட்டியில் போட்டார். ஏழு படிவரை தயங்காமல்தான் போட்டார். எட்டாவது படியை அள்ளித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். போடுவதா, திருப்பிக் கொட்டுவதா என்று தெரியாமல் கை அங்கேயே நின்றுவிட்டது.