பத்மாதேவி பெட்டி தேடிய கதை

பத்மாதேவிக்குத் திசை தெரியாது. கண்டியில் அவரை அறிந்த எல்லோருக்கும் இது தெரியும். சாவகச்சேரியில் இருந்து கலியாணம் முடித்து வந்து, கல்வி அலுவலகம் ஒன்றில் பிரதம லிகிதராக ஓய்வு பெறும் வரைக்கும், வாவியை எந்தப் பக்கத்தால் சுற்றினால் சந்தை வரும் என்று அவர் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. மின்சாரக் கட்டணம் கட்டப் புறப்பட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போய் நின்றிருக்கிறார். பைரவகந்தை மலையுச்சியில் வெள்ளைப் புத்தர் ஊர் முழுவதற்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பதும் அவருக்கு உதவவில்லை. "அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கத்தில இருக்கிறார்" என்பது பத்மாதேவியின் முறைப்பாடு.

அப்படிப்பட்டவர்தான் ஓய்வுக்குப் பிறகு ஜியோகேஷிங்கில் போய் விழுந்தார்.

விழுத்தியது மெல்பனில் இருந்து விடுமுறைக்கு வந்த மகள் நிருஷா. விளையாட்டு இதுதான்: முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆள்கூறுகளை, அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்களை, இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கண்டால், உள்ளே இருக்கும் கடதாசியில் பெயரை எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே பொம்மை, சாவி வளையம் ஏதும் கிடந்தால் ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கலாம்.

"கண்டுபிடிச்சுப்போட்டுத் திருப்பி வைக்கிறதெண்டால் அதை ஏன் கண்டுபிடிப்பான்?" என்று கேட்டார் கணவர் கந்தையா. அவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே உலகத்தின் பெரும்பாலான விடயங்களைத் தீர்த்து வைக்கிறவர்.

முதல் பெட்டி வாவிக் கரையில் ஆட்கள் உட்காருகிற ஓர் இரும்பு வாங்குக்கு அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. பெருவிரல் அளவுதான். நிருஷா வேண்டுமென்றே பின்னால் நின்றுகொண்டாள். பத்மாதேவி திரையில் தெரிந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்து, இரண்டு உடும்புகளையும் காதல் செய்துகொண்டிருந்த ஒரு சோடியையும் கிளப்பிவிட்டு, வாங்குக்குக் கீழே கையை விட்டார். கை நேராகப் பெட்டியில் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் போக நினைத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. காதல் சோடி அதைத் தவறாக விளங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

மகள் போன பிறகும் பத்மாதேவி நிறுத்தவில்லை. சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து வந்தது. பிறகு சேலை போய்ச் சல்வார் வந்தது. கைப்பைக்குள் பவர் பேங்க், காட்டில் கடிக்கிற அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், பொந்துக்குள் விட ரப்பர் கையுறை, சுருட்டிய கடதாசியை இழுத்தெடுக்கப் புருவம் பிடுங்கும் சாவணம். மகள் அனுப்பிய விலை கூடிய ஊன்றுகோலைக் கந்தையா பல்லி அடிக்க வைத்துக்கொண்டதால், காட்டுக்குக் குடைதான் போனது. கடதாசிகளில் பதிய அவர் தெரிவுசெய்துகொண்ட பெயர் 'வழிதப்பி'. அதைத் தமிழிலேயே எழுதுவார். வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கக்கூடும்.

பயணத்துக்கு முஹ்ஸினின் ஓட்டோ. முஹ்ஸின் மடவளைக்காரர், ஐம்பது வயதைத் தொட்டவர். இந்த மிஸ் உண்மையில் தேடுவது பழைய அரசர்களின் தங்கம் என்று ஆரம்பத்தில் நம்பினார். அதனால் வெகு உற்சாகமாக வந்தார். உடவத்தைக்கெலேக் காட்டில் அவர் முன்னால் திறந்த முதல் பெட்டிக்குள் ஒரு பென்சில் துண்டும் உடைந்த சீப்பும் இருந்தன. அன்று திரும்பும் வழி முழுவதும் ஒரு குழியையும் விடாமல் ஓட்டோவை விழுத்தி எடுத்தார். ஆனாலும் அடுத்த தடவையும் வந்தார்.

பன்வில என்ற மலையூரில் இருந்த பெட்டிதான் பத்மாதேவியைத் தூங்கவிடாமல் செய்தது. தேயிலைத் தோட்டம் ஒன்றில், பெரிய கல்லொன்றைச் சுற்றிப் படர்ந்த மரத்தின் வேர் இடுக்கில் டென்மார்க்காரன் ஒருவன் எப்போதோ வைத்தது. அதைக் கடைசியாக ஒருவர் கண்டு பல வருடங்களாகிவிட்டன. பிறகு போனவர்கள் எல்லோரும் இணையத்தில் அழுமூஞ்சிப் படம் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

முதல் பயணத்தில் அம்புக்குறி ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மலையைக் காட்டியது.

"மிஸ், அம்பு செல்றது சரிதான்" என்றார் முஹ்ஸின். "ஆனா நம்மட ஓட்டோக்குச் செட்டை இல்ல."

இரண்டாவது பயணம் மழையில் கரைந்தது. மூன்றாவது தடவை, சரியான மலையில், சரியான பாதையில், சரியான கல்லுக்கு முன்னால் வந்து நின்றார்கள். கல்லின் அடியில் தகரக் கூரை போட்ட சின்ன முனியாண்டி கோயில். பத்மாதேவி செருக்கோடு பின்பக்கம் போய், குடை நுனியால் வேர்களைக் கிண்டத் தொடங்கினார். கையுறை போட்ட கையை ஒரு பொந்துக்குள் தோள்மூட்டு வரைக்கும் விட்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னம்மா தோண்டுறீங்க?"

திரும்பிப் பார்த்தால் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள், அவர்களுக்கு முன்னால் இடுப்பில் காவித் துண்டு கட்டிய ஒருவர். அவர் கோயில் பூசாரி ராஜலிங்கம்.

"நான் புதையல் தேடேல்லை, ஐயா" என்றார் பத்மாதேவி. யாரும் புதையல் என்ற சொல்லை இன்னும் எடுத்திருக்கவில்லை. "பெட்டி ஒண்டுதான் தேடுறன்."

கூட்டம் நெருங்கியது. "போன வருசம் வந்தவங்களும் பெட்டின்னுதான் சொன்னாங்க" என்றாள் ஒருத்தி. "கல்லு அடியில குழி வெட்டிட்டு ஓடிட்டாங்க. பொலிசுக்குச் சொல்லுங்க பூசாரி."

கீழே பாதையில் முஹ்ஸின் ஓட்டோவை அமைதியாகக் கண்டிப் பக்கம் திருப்பி நிறுத்துவதைப் பத்மாதேவி கண்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெட்டியில என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் ராஜலிங்கம்.

"ஒண்டுமில்லை. பேர் எழுதுற கடதாசி."

"ஒண்ணுமில்லாத பெட்டிக்குக் கண்டியிலருந்து ஓட்டோ பிடிச்சு வந்தீங்களா?"

அலுவலகத்தில் எத்தனையோ கணக்காய்வாளர்களைத் திணறடித்த பெண் அவர். இந்தப் பூசாரியிடம் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் கைபேசியை நீட்டி, டென்மார்க்காரன் போட்டிருந்த படத்தைக் காட்டினார். நீல மூடி போட்ட பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டி.

ராஜலிங்கம் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுவா? இது சாமிகிட்ட இருக்கும்மா. வாங்க."

கோயிலுக்குள் சூலத்துக்குப் பக்கத்தில் நீல மூடிப் பெட்டி இருந்தது. அதற்குள் கற்பூரம். அது மட்டுமில்லை. முனியாண்டிக் கல்லுக்கு முன்னால், சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பச்சைப் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது.

பத்மாதேவிக்குக் கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழக்கத்தில் கை கூப்பிவிட்டார்.

"சாமிக்குக் குதிரை செஞ்சு வைக்கணும்னு ரொம்ப நாளா பேச்சு" என்றார் ராஜலிங்கம். "ஆளுக்கு ஆள் சண்டை. வெள்ளைக் குதிரையா, செவப்பா? அப்பத்தான் மழையில வேர் சரிஞ்சு இந்தப் பெட்டி வெளிய வந்துச்சு. தொறந்தா உள்ள இது. குதிரை வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு வச்சோம்."

"இது விளையாட்டுச் சாமானெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எங்களுக்குத் தெரியாதாம்மா? சாமிக்கும் தெரியும். அவரு ஒண்ணும் சொல்லல."

சிரிப்புச் சத்தம் கேட்டதும் முஹ்ஸின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். "டயரப் பாத்துட்டு ஈந்தேன் மிஸ்" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கடதாசி கற்பூரத்துக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது. பத்மாதேவி அதில் 'வழிதப்பி' என்று எழுதினார். அதன் பிறகுதான் சிக்கல். விளையாட்டின் விதிப்படி பெட்டி திரும்ப வேர் இடுக்குக்குப் போக வேண்டும். அதைச் சொன்னதும் ராஜலிங்கத்தின் முகம் மாறியது.

"சாமி பெட்டியைப் பொந்துல வைக்கிறதா? வந்து தேடுறவங்க இங்க வந்து எழுதிட்டுப் போகட்டும். செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

பத்மாதேவி யோசித்துப் பார்த்தார். அதைவிட நல்ல யோசனை அவருக்கும் வரவில்லை. கொழுந்துப் பெண்கள் கொடுத்த, பால் விடாத சாயத் தேநீரைக் குடித்துவிட்டுக் கண்டிக்கு வந்து, நடந்ததை அப்படியே இணையத்தில் எழுதினார். சில நாட்களில் வெளிநாட்டில் இருந்து, விளையாட்டை மேற்பார்வை செய்கிற ஒருவர் பதில் போட்டார். வழிபாட்டுத் தலத்தில் பெட்டி வைக்கப் பொறுப்பானவரின் அனுமதி பெறப்பட்டதா என்று கேட்டிருந்தார். பத்மாதேவி பன்விலவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பெட்டியை மொதல்ல வச்ச வெள்ளைக்காரரு எங்ககிட்ட அனுமதி கேட்டாரான்னு கேளுங்க" என்றார் ராஜலிங்கம்.

அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து சத்தமில்லை. பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் நெதர்லாந்துத் தம்பதி ஒன்று, பிறகு கொழும்பில் இருந்து சிலர். வந்தவர்கள் விதிப்படி எதையாவது வைத்துவிட்டுப் போனதால் முனியாண்டிக்கு முன்னால் ஒரு மரக் காலணி, ஈபெல் கோபுரம், ரப்பர் வாத்து எல்லாம் சேர்ந்தன. வாத்தை மட்டும் ராஜலிங்கம் ஏற்கவில்லை. அதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்றார்.

வருடத் திருவிழாவுக்குப் பத்மாதேவிக்கு அழைப்பு வந்தது. ஆச்சரியம், கந்தையாவும் கதிரையை விட்டு எழும்பி வந்தார். டைனோசரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே காரணம். அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். ஒரு அட்டை அவருடைய காற்சட்டைக்குள் ஏறி இறங்கிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அவர் சொன்னார்: "இஞ்சேருமப்பா, நாங்களும் ஒண்டை ஒளிச்சு வைச்சால் என்ன?"

எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது. கடைசியில் தெல்தெனியவுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு மதகுக்குப் பக்கத்தில், கல் அடுக்குக்குள் கோப்பித் தகரம் ஒன்றை வைத்தார்கள். இடம் கந்தையா பார்த்தது. ஆள்கூறு எடுத்தது பத்மாதேவி. அது சரிதானா என்று சத்தமில்லாமல் திருப்பிப் பார்த்தது முஹ்ஸின்.

முதலில் கண்டுபிடித்தவர் ஒரு யப்பானியர். நன்றி எழுதி, காகிதக் கொக்கு ஒன்றும் உள்ளே வைத்திருப்பதாகப் படம் போட்டிருந்தார். கந்தையா கைபேசியைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படத்தைப் பெரிதாக்கினார்.

"மூடியைச் சரியாப் பூட்டேல்லை" என்றார். "மழை பெய்தால் கொக்கு நனையும். முஹ்ஸினுக்கு ஒரு போன் எடும்."